ஒரு கட்டடத்தின் முன்வாசலும் பின்சந்தும்

சிங்கப்பூரில் உணவங்காடியில் சாப்பிட்டு முடித்தால் தட்டை நாமே எடுத்துக்கொண்டு போய் அதற்கென்று இருக்கும் அடுக்கில் வைக்க வேண்டும். வைக்காதவர்களுக்கு அபராதம் உண்டு. என்னிடம் யாரும் அபராதம் வாங்கியதில்லை. பக்கத்து மேசைக்காரர் மறந்துவிட்டுப் போன தட்டையும் சேர்த்து எடுத்து, கரண்டிகளை மேலே அடுக்கி, கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிற ஆள் நான். மும்பையில் கழித்த ஒரு வாரத்தில் என்னை முதலில் தலைகுனிய வைத்தது இந்த நல்ல பழக்கம்தான்.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அண்ணன் ராமநாதன் செம்பூரில் வாடகை வீட்டிலேயே காலம் கழித்தவர். கோட்டைப் பகுதியில் இருந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றார். கருங்கல் முகப்பும் உச்சியில் மணிக்கூண்டும் கொண்ட பத்து மாடிக் கட்டடம் அது. நிறுவனம் புதிய கண்ணாடிக் கட்டடத்துக்கு இடம் மாறியபின் பல ஆண்டுகள் புறாக்கள் மட்டுமே அங்கே வேலை பார்த்தன. இப்போது அதை வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள். ஏழாம் மாடியிலிருந்து மேலே சந்தை விலை. ஐந்தும் ஆறும் பழைய ஊழியர்களுக்குச் சலுகை விலையில். முதல் நான்கு மாடிகள் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, குலுக்கல் முறையில்.

ராமநாதனுக்கு ஆறாம் மாடியில் வீடு கிடைத்தது. புதுமனை புகுவிழாவுக்கு அழைத்தவர் கூடவே இன்னொன்றும் சொன்னார்.

“மாப்ளே, நீங்க ஒரு மீட்டிங்ல நாலு வார்த்தை பேசணும். சிங்கப்பூர்ல எல்லாத் தரத்து ஜனமும் ஒரே பிளாக்ல இருக்கே, அது எப்படின்னு சொன்னாப் போதும். கீழ் மாடிக்கு வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் தாராவித் தமிழ்க்காரங்க. நான் பேசினா ஆபீசர் பேசற மாதிரி இருக்கு.”

எனக்கும் அது பொருத்தமாகவே பட்டது. குடியிருப்புப் பேட்டைகளின் பராமரிப்பில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. மின்தூக்கிகள், தண்ணீர்த் தொட்டிகள், படிக்கட்டு விளக்குகள். இவற்றைப் பற்றி என்னால் குறிப்பேடு பார்க்காமலேயே பேச முடியும். மனைவிக்குப் பள்ளியில் தேர்வு நேரம். நான் மட்டும் கிளம்பினேன்.

திங்கட்கிழமை செம்பூர். ராமநாதனின் மனைவி வசந்தா அக்கா வத்தக்குழம்பு வைத்து அப்பளம் சுட்டிருந்தார். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் இரண்டு மின்தூக்கிகள். ஒன்றின் மேல் பலகை: வேலையாட்கள், பால், செய்தித்தாள் போடுகிறவர்கள் பக்கத்து லிஃப்டைப் பயன்படுத்தவும். நான் அதை இரண்டு முறை படித்தேன்.

“அது சும்மா போர்டு தம்பி. இங்க யாரும் அதெல்லாம் பாக்கிறதில்ல” என்றார் அக்கா.

மறுநாள் காலை நாங்கள் இறங்கும்போது, பாத்திரம் தேய்க்க வரும் பெண் கீழே நின்றிருந்தார். எங்கள் மின்தூக்கி காலியாகத் திறந்து கிடந்தது. அவர் பக்கத்து மின்தூக்கிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்து, “சட்னி மூடி வச்சிருக்கேன், சாப்பிடு” என்று இந்தியில் சொல்லிவிட்டு வந்தார். உண்மைதான், யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை கட்டடத்தைப் பார்க்கக் கிளம்பினோம். செம்பூர் நிலையத்தில் ரயில் வந்ததும் அக்கா பெண்கள் பெட்டியில் ஏறினார், ராமநாதன் ஒரு பெட்டிக்குள் தாவினார். நான் பின்தங்கி, கண்ணில் பட்ட வாசலில் ஏறிவிட்டேன். அது சாமான் பெட்டி. இருக்கைகள் ஓரத்தில் மட்டும். நடுவில் மீன் கூடைகள், கொத்தமல்லிக் கட்டுகள், ஒரு பீரோ. முதல் வகுப்புச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பீரோவில் சாய்ந்து நின்றேன்.

கொத்தமல்லிக்காரர் இந்தியில் கேட்டார்: “மேனேஜர் ஐயா, உங்க சரக்கு எங்கே?”

சீட்டைக் காட்டினேன். பெட்டி முழுக்கச் சிரிப்பு.

“முதல் வகுப்பு பக்கத்துப் பெட்டி. அங்கே மெத்தை இருக்கும். இங்கே வாசனை இருக்கும். இந்தாங்க, உட்காருங்க” என்று ஒரு கட்டை நகர்த்தி இடம் தந்தார். இறங்கும்போது ஒரு பிடி கொத்தமல்லியும் தந்தார், வேண்டாம் என்றபோதும்.

கடைசி நிலையத்தில் சந்தித்ததும் ராமநாதன் மூக்கைச் சுளித்தார். “என்ன மாப்ளே, மீன் மார்க்கெட்டுக்கே போயிட்டு வந்துட்டீங்களா?”

கட்டடம் அழகு. அதை மறுக்க முடியாது. முன்கூடத்தில் கறுப்பு வெள்ளைத் தரைக்கல், பித்தளைக் கைப்பிடி. தேக்கு மரத்தில் இழைத்த மின்தூக்கி, மடக்கு வலைக் கதவுடன். பாரம்பரியக் கட்டடம் என்பதால் முகப்பையும் கூடத்தையும் மின்தூக்கியையும் மாற்றக் கூடாது என்று விதியாம். அதனால் பழுதுபார்த்து மெருகேற்றியிருந்தார்கள். ராமநாதன் வலைக்கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். அந்தச் சத்தத்தை அவர் ரசித்ததைப் பார்த்தேன்.

“நான் ஆபீசர் ஆன அன்னிக்குத்தான் மாப்ளே இதுல முதல்ல ஏறினேன். அதுவரைக்கும் கிளார்க் எல்லாம் பின் சந்துப் படிக்கட்டு. சாமான் லிஃப்ட் ஒண்ணு இருக்கும், அதுல ஃபைல் போகும், நாங்க போகக் கூடாது. மழைக்காலத்துல பேன்ட்டை மடிச்சுக்கிட்டு சந்துத் தண்ணியில நடந்து வருவோம்.”

அலுவலகத்தை வீடாக்குவது எளிதில்லை. கழிப்பறைகள் எல்லாம் ஒவ்வொரு மாடியிலும் ஒரே மூலையில் இருக்கும். நடு அறைகளுக்கு வெளிச்சம் வராது. இங்கே நடுவில் குடைந்து ஒரு முற்றம் இறக்கியிருந்தார்கள். குழாய்கள் போகத் தரையை ஒரு படி உயர்த்தியிருந்தார்கள். நல்ல வேலை. நான்காம் மாடியில் நிறுவனம் பணமும் பத்திரமும் பூட்டிவைத்த பழைய காசறை அப்படியே ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு முழத்துக்கு மேல் தடித்த சுவர், யாராலும் அசைக்க முடியாத இரும்புக் கதவு. “சர்வீஸ் பூராவும் இதுக்குள்ள போக எனக்குப் பர்மிஷன் இல்ல” என்றார் ராமநாதன். “யாருக்கு விழுந்திருக்கோ, லக்கி.”

ஆறாம் மாடியில் அவருடைய வெற்று வீட்டில் ஐந்து, ஆறாம் மாடிக்காரர்கள் சிலர் கூடியிருந்தார்கள். சாமான் இல்லாத அறையில் எல்லாக் குரலும் எதிரொலித்தது. அப்போது ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. இடுப்பில் ஓர் அலுமினியப் பாத்திரம், கையில் சட்னி வாளி, தோள் பையில் எவர்சில்வர் தட்டுகள். படியேறி வந்திருந்தார்.

“நாலு மாலாவுக்குத்தான் வந்தேன். மேல சத்தம் கேட்டுது. சரி, எல்லாருக்கும் குடுப்பம்னு ஏறி வந்தேன். சாப்பிடுங்க, சூடா இருக்கு.” மாலா என்றால் அங்கே மாடி.

“பில்டர் ஏற்பாடா? பரவாயில்லையே!” என்றார் ராமநாதன். அந்தப் பெண் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

இட்லி பஞ்சு போல இருந்தது. நான் ஐந்து சாப்பிட்டேன். “இன்னும் கொஞ்சம் சட்னி” என்று கேட்டேன். வசந்தா அக்கா, “ஞாயித்துக்கிழமை எங்க விசேஷத்துக்கு இருநூறு இட்லி போட்டுத் தருவியாம்மா?” என்று தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் என் கண்கள் தட்டு வைக்கும் இடத்தைத் தேடின. இல்லை. எல்லாருடைய தட்டுகளையும் எடுத்தேன், பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினேன். ஒரு தட்டின் அடியில் பெயர் வெட்டியிருந்தது: ஜெயமேரி – செல்வராஜ். கல்யாணத்துக்குக் கொடுத்த தட்டு. அதைப் படித்தேன். படித்துவிட்டு, அடுக்கை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, “ரொம்ப நல்ல சர்வீஸ்” என்றேன்.

அவர் எச்சில் தட்டுகளை ஒரு கணம் பார்த்தார். வாளிக்குள் வைத்தார். “வாரேன் அண்ணாச்சி” என்று சொல்லிப் படியில் இறங்கிப் போனார்.

புதன் முழுக்க மழை. வீட்டிலேயே இருந்தேன்.

வியாழன் மாலை மாட்டுங்காவில் கூட்டம். முன்னதாக அங்கே ஒரு மெஸ்ஸில் இலைச் சாப்பாடு. ரசத்தை இரண்டாம் முறை கேட்காமலே ஊற்றினார்கள். பூக்கடை வரிசையைத் தாண்டி நடந்தபோதுதான் ராமநாதன் கூட்டத்தின் பொருளைச் சொன்னார். கட்டடத் திட்டத்தின்படி எல்லாரும் முன்கூடம் வழியாகத்தான் போக வேண்டும். மேல் மாடிக்காரர்கள் அதை மாற்ற நினைக்கிறார்கள். முதல் நான்கு மாடிக்காரர்களுக்குப் பின்சந்து வாசல், சாமான் மின்தூக்கி. ஆனால் அதற்குக் கீழ் மாடிக்காரர்களே சம்மதித்துக் கை தூக்க வேண்டும். சம்மதித்தால் அவர்களுக்கு மாதப் பராமரிப்புக் கட்டணம் குறையும்.

“இதுக்கா என்னைப் பேசச் சொல்றீங்க, மச்சான்?”

“நீங்க சிங்கப்பூர் பத்தி மட்டும் சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்.”

பேசினேன். எங்கள் அடுக்குமாடியில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பதைச் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்து முகங்கள், நடுவில் தொப்பி போட்ட தோல்பட்டறைக்காரர்கள் இரண்டு பேர். இளைஞர்கள் இந்தியில் கிசுகிசுத்தார்கள். மேசையில் இருந்த தமிழ் அறிவிப்பை ஒரு பையன் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

பட்டறைக்காரர் ஒருவர் எழுந்தார். “அங்க லிஃப்டு எப்படி அண்ணாச்சி?”

“ஒரு பிளாக்குக்கு ரெண்டு. இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு. அவங்கவங்க வீட்டுக்கு எது பக்கமோ அதுல போவாங்க.”

ராமநாதன் உடனே எழுந்தார். “கேட்டீங்களா? சிங்கப்பூர்லயே ரெண்டு லிஃப்ட். அவங்கவங்களுக்கு ஒண்ணு. அங்க யாரும் அதைக் குறைவா நினைக்கிறதில்ல.”

நான் சொன்னது அதுவல்ல. எங்கள் ஊரில் எந்த மின்தூக்கியிலும் யாரும் ஏறலாம். அதைச் சொல்ல எழுந்தேன். அதே நேரம் வடையும் காப்பியும் வந்தன. ஒருவர் என் கையில் கோப்பையைத் திணித்தார். சூடாக இருந்ததால் அதைக் கீழே வைக்க இடம் தேடினேன். தேடி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பேச்சு வேறு பக்கம் போயிருந்தது. அப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பேச்சு அவ்வளவு தூரம் போய்விடவில்லை.

“ஜெயமேரி செல்வராஜ், நாலாம் மாடி, காசறை வீடு” என்று ஒரு குரல் அறிமுகம் செய்துகொண்டது. இட்லி கொண்டுவந்த பெண். தட்டின் அடியில் இருந்த எழுத்து கண்முன் வந்தது. எந்தக் கடைக்காரர் தன் கல்யாணத் தட்டில் வைத்து ஊருக்கு இட்லி கொடுப்பார்?

ஜெயமேரி கேட்டார்: “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். எனக்கு இட்லிதான் பொழப்பு. விடியுமுன்ன ஆறு பானை கீழ எறங்கணும். சாமான் லிஃப்டு ஆபீஸ் நேரத்துலதான ஓடும், அதுக்கு ஆப்பரேட்டரு வேணும்லா? விடியக்காலம் ஓடுமா, ஓடாதா?”

“ஓடும்மா. ஏற்பாடு பண்ணிடலாம்” என்றார் ராமநாதன்.

அவர் ராமநாதனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. லிஃப்டுலயே வேல பாத்தவுகன்னு சொல்லுதாவ. நம்பலாமா?”

ஆப்பரேட்டர் தேவைப்படும் பழைய சாமான் மின்தூக்கியை விடியற்காலையில் ஓட்ட ஆள் போடுவது எவ்வளவு கடினம் என்று அந்த மண்டபத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

“மச்சான் சொன்னா செய்வாரும்மா” என்றேன்.

கைகள் எழுந்தன. ஜெயமேரியின் கையும் எழுந்தது.

வெள்ளிக்கிழமை சயான் நிலையத்தில் இறங்கித் தாராவிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க. வழி விசாரித்தவரிடமெல்லாம் இட்லிக்கார ஜெயமேரி என்றேன். மூன்று ஜெயமேரிகள் இருந்தார்கள். “காசறை விழுந்த மேரியா?” என்று ஒருவர் சரியாகக் கொண்டுபோய் விட்டார். குலுக்கல் செய்தி சந்து முழுக்கத் தெரிந்திருந்தது.

ஒரே அறை. கீழே அடுப்புகள், ஏணியில் ஏறினால் படுக்கை. காலி இட்லிப் பானைகளோடு சைக்கிள்காரர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜெயமேரியின் கணவர் செல்வராஜ் ஆட்டுரலைக் கழுவிக்கொண்டிருந்தார், மோட்டார் வைத்த பெரிய கல். மகள் ரூபி கல்லூரிப் பையோடு வாசலில் நின்றாள்.

தட்டு விஷயத்தைச் சொல்லி, “தப்பா நினைச்சுட்டேம்மா, மன்னிக்கணும்” என்றேன்.

“அய்ய, அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய? எங்க வீட்டு வழக்கம் அண்ணாச்சி. புது வீட்டுக்குப் போகுமுன்ன, பழைய அடுப்புல வெச்சத அங்க அக்கம்பக்கத்துக்குக் குடுத்திருவோம். பொறவுதான் புது அடுப்பு பத்தவைக்கது. தட்டு எச்சிலானா கழுவினாப் போச்சி.”

ரூபி இந்தியில் இடைமறித்தாள்: “அம்மா அக்கம்பக்கத்துக்காரங்கன்னு கொடுத்தாங்க. நீங்க எல்லாம் ஆர்டரே கொடுத்துட்டீங்க, அங்கிள். நஷ்டம் இல்லை.”

“ஏட்டி, வாய மூடு” என்று ஜெயமேரி சிரித்தார். செல்வராஜ் சிரிக்கவில்லை. கல்லைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

தேநீர் வந்தது. காசறையின் தடித்த சுவருக்குள் ஆட்டுரலை வைக்கப்போவதாகச் சொன்னார். “ராத்திரி பூரா ஓடினாலும் வெளிய சத்தம் கேக்காது. மாதா பாத்து குடுத்த ரூம்பு. இங்க கல்லு ஓடினா மூணு வீட்டுல திட்டுவாவ.”

பிறகு கேட்டார்: “ஒங்க வீட்டு மாடில லிஃப்டு நிக்குமா?”

என் சிறுவயதில் நாங்கள் ஏழாம் மாடி. மின்தூக்கி ஐந்திலும் ஒன்பதிலும் மட்டும் நிற்கும். ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறுவோம். அம்மா சந்தைக் கூடையோடு ஏறுவார். பக்கத்து வீட்டுச் சீன ஆசிரியரும் அப்படித்தான் ஏறினார். இதைச் சொன்னேன்.

“பாத்தியளா? எனக்குத் தெரியும். பட்டவுகளுக்குத்தான் தெரியும்னுதான் ஒங்ககிட்ட கேட்டேன். நீங்க சொன்ன பொறவுதான் கையத் தூக்கினேன். இவுக வேண்டாம்னாவ.” கணவரைக் காட்டினார்.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது தட்டுக்காக அல்ல. தேநீரைக் குடித்தேன். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ரூபி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை ராமநாதனிடம் பேசினேன். விடியற்காலைக்கு ஆப்பரேட்டர் போட்டாயிற்றா என்று கேட்டேன்.

“மாப்ளே, அவன் ஒம்பது மணிக்குத்தான் வருவான். கிடைச்சா பாக்கலாம்.”

“அப்ப அவங்களை மட்டும் காலையில முன் லிஃப்ட்ல விடுங்க.”

“தேக்கு லிஃப்ட்ல இட்லிப் பானையா?” அவர் கோபப்படவில்லை. சோர்வாகத்தான் சொன்னார். “நீங்க திங்கக்கிழமை பிளேன் ஏறிடுவீங்க. நான் மேல் மாடிக்காரங்களோட இங்க வாழணும். ஏற்கெனவே எங்களைச் சலுகை விலைக்காரங்கன்னுதான் சொல்றாங்க. அந்த லிஃப்ட்ல ஏற எனக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு தெரியுமா?”

தெரியும். அதனால்தான் அவர் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வார் என்று நினைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். போனேன்.

ஞாயிறு காலை ஆறாம் மாடியில் விசேஷம். மாவிலை, சாமந்தி, ஹோமப் புகை. சிலர் டோம்பிவிலியிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்தார்கள். பசி நேரம் நெருங்கியது. இருநூறு இட்லி வரவில்லை.

“நாலாம் மாடிக்கு வந்தாச்சுன்னு போன் பண்ணினா தம்பி. கொஞ்சம் போய்ப் பாருங்களேன்” என்றார் அக்கா.

தேக்கு மின்தூக்கியில் ஏறினேன். ஒன்றிலிருந்து நான்கு வரையிலான பொத்தான்கள் மேல் ஒரு பித்தளைத் தகடு திருகி மூடியிருந்தது. மெருகு கலையாத தகடு, சுற்றியுள்ள பித்தளையோடு அழகாகப் பொருந்தியிருந்தது. இப்படி அளவெடுத்து வார்க்க இரண்டு மூன்று நாள் போதாது. வியாழக்கிழமை கைகள் எழுவதற்கு முன்பே இது தயாராக இருந்திருக்க வேண்டும். ஐந்தில் இறங்கிப் படியில் நடந்தேன். சிறுவயதில் ஐந்திலிருந்து ஏறுவோம். இப்போது இறங்கினேன்.

நான்காம் மாடித் திருப்பத்தில் கம்பிவலை பதித்த கண்ணாடி வைத்த புதுக் கதவு. பூட்டியிருந்தது. படிக்கட்டுக் கதவைப் பூட்டக் கூடாது. தீ பிடித்தால் அதுதான் உயிர்வழி. என் தொழிலில் முதல் பாடமே அது.

கண்ணாடிக்கு அப்பால் ஜெயமேரியும் செல்வராஜும். நடுவில் இரண்டு பெரிய பானைகள். செல்வராஜின் சட்டை முழுக்க வியர்வை. ஞாயிறு என்பதால் சாமான் மின்தூக்கிக்கு ஆள் இல்லை. சந்திலிருந்து நான்கு மாடி தூக்கி வந்திருக்கிறார்கள்.

கைப்பிடியை ஆட்டினேன். “சாவி எங்கம்மா இருக்கு?”

“சாவி ஒங்க பக்கந்தான இருக்கு அண்ணாச்சி” என்றார் ஜெயமேரி.

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார்.

மேலே ஓடினேன். ராமநாதன் ஹோமத்தின் முன் அமர்ந்திருந்தார். நடுவில் எழக் கூடாது. சட்டையில்லாத தோளைச் சாய்த்து, இடுப்புவேட்டியில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்து, மெல்லச் சொன்னார்: “திரும்பப் பூட்டிட்டு வந்துடுங்க மாப்ளே. மேல இருக்கறவங்க பாத்தா வம்பு.”

கதவைத் திறந்தேன். ஒரு பானையின் ஒரு காதை நான் பிடித்தேன், மறு காதைச் செல்வராஜ் பிடித்தார். இட்லி சூடாகவே இருந்தது. விருந்தினர் எல்லாரும் புகழ்ந்தார்கள். “இந்தக் கட்டடத்துலயே போடறாங்களாமே, நமக்கு வசதிதான்” என்றார் ஒருவர். தட்டுகளை எல்லாம் நானே சேர்த்தேன், நானே கழுவினேன். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

காலிப் பானைகளோடு அவர்களை நான்காம் மாடிவரை கொண்டுவந்து விட்டேன். செல்வராஜ் முன்னே போய்விட்டார். கதவுக்கு அப்பால் போன ஜெயமேரி திரும்பினார்.

“காலைல லிஃப்டு ஓடாது, என்ன அண்ணாச்சி?”

“ஓடாதும்மா. எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றேன்.

அவர் காலிப் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். பிறகு, “சரி. பூட்டிக்கிடுங்க” என்றார். “தொறந்து கெடந்தா எங்களத்தான் சொல்லுவாவ.”

காசறைப் பக்கம் அவர் நடந்து போவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். கதவைப் பூட்டினேன். பழக்கம், சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தேன்.